1 ஜிபி ரேம் நெட்புக்கில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) திணறுவது பற்றி

உங்கள் நெட்புக்கில் ஆட்டம் என்270 என்ற 32-பிட் செயலி, 1 ஜிபி ரேம், 8 ஜிபி எஸ்எஸ்டி. வட்டு நிரம்பிவிட்டது, பயர்பாக்ஸ் திறந்தாலே உறைகிறது என்கிறீர்கள். முதலில் வட்டைக் கவனியுங்கள், இடமில்லாமல் எதையும் நிறுவ முடியாது. ‘ஏப்ட் க்ளீன்’ கட்டளை கொடுங்கள், பதிவிறக்கி வைத்த நிறுவல் கோப்புகள் நீங்கும். ஜர்னல் பதிவு (கணினி தன் நிகழ்வுகளை எழுதிவைப்பது) இயல்பாகவே வட்டில் 10% வரை வளரும், அதாவது உங்களுக்கு 800 எம்பி. அதை எழுதும் ஜர்னல்டி நிரலின் அமைப்பில் ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ மதிப்பை 50 எம்பி ஆக்குங்கள்.

பிறகு க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப்புக்குப் பதில் ஐஸ்டபிள்யூஎம் என்ற மிக இலகுவான சாளர மேலாளரை நிறுவுங்கள். எல்எக்ஸ்க்யூடி என்ற இலகு டெஸ்க்டாப்பும் ஓடும், ஆனால் 1 ஜிபிக்கு அதுவே கொஞ்சம் ஆடம்பரம். க்னோமை நீக்கிவிட்டு ‘ஆட்டோரிமூவ்’ (தேவையற்றுப்போன தொகுப்புகளை நீக்கும் கட்டளை) கொடுத்தால் இணைய இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரும் சேர்ந்து போய் வைஃபை நின்றுவிடலாம். அதை முன்பே ‘ஏப்ட்-மார்க் மேனுவல்’ என்று குறித்துவையுங்கள்.

கடைசியாக ஸெட்ராம்-டூல்ஸ் நிறுவுங்கள்; இது ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக (ரேம் போதாதபோது உதவும் கூடுதல் இடம்) மாற்றும். அமைப்பு: அளவு ரேமில் 50%, சுருக்கமுறை எல்இசட்4. ஸெட்எஸ்டிடி என்ற இன்னொரு முறை இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் இந்தச் சிபியு மூச்சு வாங்கும். எஸ்எஸ்டியிலுள்ள ஸ்வாப்பை எடுக்காதீர்கள்; அதன் முன்னுரிமை எண் ஸெட்ராமைவிடக் குறைவாக இருந்தால் ஸெட்ராம் நிரம்பிய பிறகே அது பயன்படும். டெபியன் 13க்கு மாற வேண்டாம், அதில் உங்கள் செயலிக்கு வேண்டிய 32-பிட் கர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) இல்லை.