கோல்ட் 1851 நேவி: சிலிண்டர் எண் மட்டும் மாறியிருந்தால்

மிசௌரியில் பார்த்த கோல்ட் 1851 நேவி என்ற பழைய ரிவால்வரில் சிலிண்டரின் (குண்டு ஏற்றும் சுழல் உருளை) தொடர் எண் மட்டும் மற்ற பாகங்களின் எண்ணோடு ஒத்துப்போகவில்லை, வாங்கலாமா, துருவைத் தேய்த்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், சிலிண்டரின் பின்பக்கம் வெடித் தொப்பிகள் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடிகள்) ஏதும் மாட்டியிருந்தால் கை வைக்காதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய ரிவால்வர்களில் இன்றைக்கும் வெடிமருந்தும் ஈயக் குண்டும் உள்ளே கிடப்பதுண்டு.

அப்புறம், அசலா என்று பாருங்கள். 1950களின் கடைசியிலிருந்து இத்தாலியில் நகல்கள் வருகின்றன. அவற்றில் இத்தாலியின் கார்டோனே ஊரில் துப்பாக்கிகளைச் சோதித்துக் குத்தும் முத்திரையும், சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறியீடும் இருக்கும். அதை அரத்தால் ராவி, செயற்கைத் துரு ஏற்றி விற்பவர்களும் உண்டு. குழலிலும் சட்டத்திலும் (துப்பாக்கியின் நடு உடற்பகுதி) ஓரிடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் நான் நகர்ந்துவிடுவேன்.

துப்பாக்கியைக் கவிழ்த்தால் குழல், சட்டம், விசைக்காப்பு, கைப்பிடிப் பட்டை நான்கிலும் எண் தெரியும். நான்கும் ஒன்றென்றால் அடிப்படைத் துப்பாக்கி நல்லதுதான். சிலிண்டர் எப்போதோ மாற்றப்பட்டிருக்கும். விலை கணிசமாகக் குறைய வேண்டும், அதைச் சொல்லியே பேரம் பேசுங்கள். குழலைப் பிடித்து நிறுத்தும் ஆப்பின் எண் வேறாக இருந்தால் அதிகம் கவலை வேண்டாம், அது எளிதில் தொலைகிற சாமான். சிலிண்டரில் பொறித்த 1843 காம்பீச்சே கடற்போர்க் காட்சி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

தேய்க்கவே தேய்க்காதீர்கள். மெல்லிய எண்ணெய்த் துணி போதும். பளபளப்பாக்கினால் பாதி மதிப்பு போய்விடும்.

1898 வரை செய்தவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். மாநில விதியைத் தனியாகப் பாருங்கள்.

அடிப்பக்க எண்களைப் படமெடுத்துப் போடுங்கள், எந்த ஆண்டு என்று பார்ப்போம்.