ஒரே மண்ணுக்கு இரண்டு எம்.டி.டி. வருவது ஏன்?

கேள்வி: சாலையின் சப்கிரேடுக்கு (சாலை அடுக்குகளுக்கு அடியில் இறுக்கும் மண் அடுக்கு) செம்மண் கிராவல் கொண்டுவருகிறோம். ஒரே குவியலில் எடுத்த மண்ணுக்கு ஹெவி கம்பாக்ஷன் சோதனையில் (மண்ணை அச்சில் இடித்து இறுக்கிப் பார்ப்பது) ஒரு லேபில் எம்.டி.டி. (உச்ச உலர் அடர்த்தி) 1.98, இன்னொன்றில் 2.06 கிராம்/சிசி வருகிறது. எதை நம்புவது?

பதில்: இந்த 0.08 வித்தியாசம் சின்னதாகத் தெரியும். களத்தில் உலர் அடர்த்தி 1.95 வந்தால், முதல் எண்ணுக்கு அது 98.5%, இரண்டாவதுக்கு 94.7%. சப்கிரேடுக்கு 97% கேட்கும்போது, ஒரே தளம் ஒரு ரிப்போர்ட்டில் பாஸ், இன்னொன்றில் ஃபெயில். சராசரி எடுத்துச் சமாளிக்க வேண்டாம்.

முதலில் இரண்டு லேபிலும் எந்த மோல்டு (உருளை அச்சு), அடுக்குக்கு எத்தனை அடி இடித்தார்கள் என்று கேளுங்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 2720 பகுதி 8-இன்படி 4.9 கிலோ ராம்மர் (இடிக்கும் சுத்தியல்), அது விழும் உயரம் 450 மி.மீ., 5 அடுக்கு. 1000 சிசி மோல்டுக்கு அடுக்குக்கு 25 அடி, 2250 சிசி மோல்டுக்கு 55 அடி. கிராவல் என்றதும் பெரிய மோல்டை எடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் 25 அடியோடு நிறுத்துவது அடிக்கடி நடக்கிற தவறு. கணக்குப் போட்டால், கன மீட்டருக்குச் சுமார் 2700 கிலோஜூல் ஆற்றல் போக வேண்டிய இடத்தில் 1200தான் போகிறது. எம்.டி.டி. குறையும், ஓ.எம்.சி. (அந்த உச்ச அடர்த்தி வரும் ஈரப்பதம்) ஏறும். சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறன்) சோதனைக்கான மோல்டைப் பயன்படுத்தினால், அடியில் போட வேண்டிய ஸ்பேசர் வட்டைப் போட்டார்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் கொள்ளளவு 2250 சிசி இல்லை, 3000 சிசிக்கு மேல்.

இது சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் மண்ணை மறுபடி மறுபடி பயன்படுத்துவதில். மோல்டிலிருந்து எடுத்த மண்ணையே உதிர்த்து, தண்ணீர் சேர்த்து, அடுத்த புள்ளிக்கு (வளைகோட்டில் ஒவ்வொரு ஈரப்பதத்துக்கும் ஒரு புள்ளி) இடிப்பார்கள். வண்டல் மண்ணில் இதனால் பெரிய கேடில்லை. செம்மண் கிராவலின் துகள்கள் மென்மையானவை. 125 அடியில் உடையும். ஐந்தாவது புள்ளிக்கு வரும்போது மோல்டில் இருப்பது நீங்கள் லாரியில் கொண்டுவந்த மண்ணே இல்லை. பொடி கூடி இடுக்குகளை நிரப்பிய வேறொரு மண். அடர்த்தி கூடுதலாகக் காட்டும். உங்கள் 2.06-க்கு இதுவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உடையும் மண்ணுக்குப் புள்ளிக்கொரு புது மாதிரி வேண்டும்: 1000 சிசி மோல்டுக்கு ஒவ்வொன்றும் 2.5 முதல் 3 கிலோ, 19 மி.மீ. சல்லடையில் சலித்தது. சந்தேகம் இருந்தால் இடிக்கும் முன்னும் பின்னும் 4.75 மி.மீ. சல்லடையில் சலித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பிறகு தண்ணீர். இதில்தான் லேப் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். தண்ணீர் தெளித்த கையோடு இடித்தால் மேலே ஈரம், கட்டிக்குள் காய்ந்த மண். களிப்பு உள்ள மண்ணைக் கலந்து, காற்றுப் புகாத பையில் கட்டி, குறைந்தது 16 மணி நேரம் ஊற விட வேண்டும். ஐந்து பைகளையும் முந்தின நாள் மாலையே கட்டி வைத்துவிட்டால் வேலை சுலபம்.

ஈரப்பதத்துக்கு மண் எடுப்பதும் அப்படித்தான். தட்டில் கிடக்கும் மண்ணில் ஒரு பிடி அள்ளக் கூடாது. அது காய்ந்துகொண்டே இருக்கும். இடித்த உருளையை வெளியே தள்ளி, நெடுக வெட்டி, நடுவிலிருந்து எடுங்கள். கிராவலுக்குக் குறைந்தது 300 கிராம். சின்ன டப்பாவில் ஒரு கல் விழுந்தாலே கணக்கு மாறிவிடும். ஓவனில் 105 முதல் 110 டிகிரி, எடை மாறாத வரை. ராப்பிட் மாய்ஸ்சர் மீட்டரில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது காட்டுவது ஈர எடையின் சதவீதம். 12 என்று காட்டினால் உலர் எடைக்கு 12/88, அதாவது 13.6%. மாற்றாமல் போட்டால், ஈர அடர்த்தி 2.05 உள்ள புள்ளியின் உலர் அடர்த்தி 1.80-க்குப் பதில் 1.83 ஆகும்.

இடிப்பதில் பார்க்க வேண்டியவை: மோல்டு கான்கிரீட் தரைமேல் இருக்கிறதா (ஆடும் மேசைமேல் வைத்தால் அடியின் விசையில் ஒரு பகுதி மேசைக்கே போகும்), ராம்மரை முழு உயரத்துக்குத் தூக்குகிறார்களா, அடுக்குக்கு அடுக்கு மேற்பரப்பைக் கீறிவிடுகிறார்களா. கடைசி அடுக்கு மோல்டின் விளிம்புக்கு மேல் 6 மி.மீ.-க்கு மிகாமல் நிற்க வேண்டும். கீழே போய்விட்டால் மண்ணை வைத்துப் பூசி மட்டம் செய்வது ஏமாற்று. அந்தப் புள்ளியைத் திரும்பச் செய்யுங்கள். தேய்ந்த மோல்டின் கொள்ளளவை வருடக்கணக்காக 1000 என்றே எழுதுகிற இடங்களும் உண்டு. உண்மையில் அது 1015 ஆகியிருந்தால் எம்.டி.டி. ஒன்றரை சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

இத்தனையையும் நேரில் நின்று பார்க்க முடியாதே என்றால், ரிப்போர்ட்டை வைத்தே பிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஜீரோ ஏர் வாய்ட்ஸ் கோடு (மண்ணில் காற்றே இல்லாவிட்டால் வரும் உலர் அடர்த்தி). மண்ணின் ஜி மதிப்பை (துகள்களின் ஒப்படர்த்தி), 1 + (ஈரப்பதம் × ஜி) என்பதால் வகுங்கள். ஈரப்பதத்தைத் தசமத்தில் போட வேண்டும். ஜி 2.68 என்று வைத்துக்கொண்டால், 12% ஈரத்தில் 2.03 வருகிறது. அந்த ஈரத்தில் காற்றே இல்லாமல் இறுக்கினாலும் அதற்கு மேல் போக முடியாது. ஆகவே 2.06-ஐத் தந்த லேப் ஓ.எம்.சி. 12% என்று எழுதியிருந்தால் அது நடக்காத காரியம். எடையிலோ ஈரத்திலோ கொள்ளளவிலோ பிழை. ஓ.எம்.சி. 9.5% என்றால் செறிவு (இடுக்குகளில் தண்ணீர் நிரம்பிய அளவு) 85% அளவில் வரும். உச்சப் புள்ளி பொதுவாக நிற்கும் இடம் அது. அதேபோல் 1.98-ஐ 9% ஈரத்தில் காட்டினால் செறிவு 68%தான். அடி குறைந்திருக்கலாம், அல்லது உச்சத்துக்கு முன்பே நிறுத்தியிருக்கலாம். அந்த வளைகோட்டில் உச்சத்துக்கு வலப்பக்கம் குறைந்தது இரண்டு புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈர எடை இறங்கத் தொடங்கிய பிறகும் இன்னொரு புள்ளி எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு ரிப்போர்ட்டும் இதில் தேறாவிட்டால் குவியலில் நாலைந்து இடங்களில் தோண்டி, கலந்து, நாற்கூறு போட்டு (நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறுகளை மட்டும் வைத்து) குறைத்து, இரண்டு லேபுக்கும் ஒரே மாதிரியைப் பிரித்துக் கொடுங்கள். புள்ளிக்கொரு புது மண், 16 மணி நேர ஊறல், இரண்டிலும் ஒரே அளவு மோல்டு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை அந்தக் குவியலின் மண்ணை ரோலருக்கு அடியில் போட வேண்டாம்.