காயும் துணி – கடிதம்

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் 12 நாள் பயணம். முதல்முறையாகத் தனியாகப் போகிறேன். விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. 12 சட்டை, 5 பேன்ட் (அதில் 2 ஜீன்ஸ்), 12 செட் உள்ளாடை, இன்னொரு ஜோடி ஷூ எல்லாம் வைத்தால் 13 கிலோ வருகிறது. காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகள் வாங்கியும் பயனில்லை. துணியைச் சுருட்டி வைப்பதா, மடித்து வைப்பதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காற்றை எடுத்தால் கிலோ குறையும் என்று யார் சொன்னார்கள்? அந்தப் பைகள் இடத்தைத்தான் குறைக்கும். மிச்சமான இடத்தைப் பார்த்ததும் கை தானாக இன்னும் இரண்டு சட்டையை எடுத்து வைக்கும். சுருட்டுவதும் மடிப்பதும் அப்படித்தான், இடத்தையும் கசங்கலையும் பற்றிய விஷயம். உங்கள் சிக்கல் எடை. எப்படி வேண்டுமானாலும் வையுங்கள்.

முதல்முறை தனியாகப் போகும்போது எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று மனம் பதறும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 12 நாளுக்கு 12 சட்டை என்பது கணக்கே இல்லை. சட்டை ஒன்று சுமார் 200 கிராம், ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம். பெட்டியையும் மறந்துவிட்டீர்கள். சக்கரம் வைத்த கைப்பெட்டி காலியாகவே 3 கிலோவை நெருங்கும். அனுமதியில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போயிற்று. 30 முதல் 40 லிட்டர் கொள்ளும் தோள்பை 1 கிலோ அளவில் கிடைக்கும். இரண்டாவது ஷூ வேண்டாம். இருப்பதில் கனமானதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

மூன்று செட் போதும். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "துவைக்கலாம், ராத்திரிக்குள் காயாதே." காயாது, நீங்கள் எடுத்துப்போகும் துணி அப்படி. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. சாதாரணக் காற்றில்கூட தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரம் அதில் இருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. அதில் தண்ணீர் நூல்களுக்கு இடையில்தான் நிற்கும், பிழிந்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பாலியெஸ்டரில் வியர்வை நாற்றம் சீக்கிரம் ஏறும், தினமும் துவைத்தே ஆகவேண்டும். மெல்லிய கம்பளிச் சட்டை எளிதில் நாறாது, விலைதான் இடிக்கும். மெல்லிய பருத்தி–பாலியெஸ்டர் கலப்பு போதும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டியும் பாக்கெட் தையலும் காலையிலும் சொதசொதவென்று இருக்கும். அதை வீட்டிலேயே விடுங்கள்.

துவைக்கும் நேரம் முக்கியம். தூங்கப் போகும்போது துவைக்காதீர்கள், அறைக்கு வந்தவுடன் துவையுங்கள். அறையில் கைகழுவும் தொட்டியின் அடைப்பான் பெரும்பாலும் தண்ணீரை நிறுத்தாது. உள்ளங்கை அகலத்தில் தட்டையான ரப்பர் வட்டு ஒன்று எடுத்துப்போங்கள். சோப்புக் கட்டி போதும். திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு அதற்குக் கிடையாது. காலர், அக்குள், காலுறையின் அடிப்பகுதி, இவற்றை மட்டும் தேயுங்கள். நுரை மிதமிஞ்சினால் அலசி மாளாது. அலசாமல் விட்ட சோப்பு துணியை விறைக்க வைத்துத் தோலை அரிக்கும்.

அடுத்துச் செய்யவேண்டியதைத்தான் யாரும் செய்வதில்லை. சொட்டச் சொட்டக் கொடியில் போட்டுவிட்டு, காயவில்லை என்று புலம்புகிறார்கள். உலர்ந்த துண்டு ஒன்றை விரியுங்கள். பிழிந்த சட்டையை அதன்மேல் பரப்புங்கள். இரண்டையும் சேர்த்து இறுக்கமாகப் பாய் மாதிரி சுருட்டுங்கள். (சுருட்ட வேண்டிய இடம் இதுதான்!) சுருளின் மேல் ஏறி நின்று, குதிகாலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நிமிடம் மிதியுங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு நனைந்திருக்கும், சட்டை வெறும் ஈரமாக இருக்கும்.

குளியலறையில் மட்டும் காயப்போடாதீர்கள். அங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும். மின்விசிறிக்கு நேராக, சுவரில் ஒட்டாமல், இரு பக்கமும் காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். பொத்தான்களைக் கழற்றி, காலரை நிமிர்த்தி, பேன்ட்டின் பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிடுங்கள். காலையில் மார்புப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அக்குள் தையலைத் தொடுங்கள். லேசான ஈரமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், உடல் சூட்டில் காய்ந்துவிடும். அதை மடித்துப் பையில் வைத்தால் மட்டும் நாறும். கிருமிகள் கிளப்பும் நாற்றம் அது, சென்ட் அடித்தால் போகாது. மழைக்காலமென்றால் நான்காவது செட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன்.

மருந்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முழு நாட்களுக்கும் இரண்டு நாள் கூடுதலாகவும், அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு (Wh) உட்பட்டதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 12 சட்டைகளையும் இந்த வாரமே இப்படித் துவைத்து, துண்டில் மிதித்து, அறைக்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். விடியும்போது காய்ந்திருப்பவற்றில் மூன்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒன்றுமே காயவில்லை என்றால் எழுதுங்கள்.