ஏஐ வரையுற கேண்டில் சார்ட்டுக்கு மாசம் 999 கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், சைடுல கொஞ்சம் ஷேர் வாங்கி விக்கிறதுண்டு. இப்ப ஒரு டூல் விளம்பரம் வருது, சாட்ல "ரிலையன்ஸ் ஆறு மாச சார்ட் காட்டு"ன்னு தமிழ்லயே டைப் பண்ணா ஏஐ ஏஜென்ட் கேண்டில்ஸ்டிக் (ஒவ்வொரு நாள் விலையும் மெழுகுவத்தி மாதிரி தெரியுற சார்ட்) போட்டு காட்டுது, விலை இறங்கி நிக்கிற சப்போர்ட், ஏறாம தடுக்குற ரெசிஸ்டன்ஸ் கோடும் இழுத்துடுது. மாசம் 999, வருஷத்துக்கு மொத்தமா கட்டினா 7,999. ஞாயித்துக்கிழமையோட ஆஃபர் முடியுதாம். வாங்கலாமா?

பதில்: ஆஃபர் முடிஞ்சா முடியட்டும் சார், அடுத்த வாரம் வேற பேர்ல வரும். முதல்ல அந்த 7,999ல ஜிஎஸ்டி உண்டா இல்லையான்னு பாருங்க, 18% மேல ஏத்தினா 9,439 கிட்ட போயிடும், அக்கவுண்ட்ஸ் பாக்குற உங்களுக்கு நான் சொல்லணுமா.

அடுத்தது, இதுல ஏஐ படமே வரையுறதில்ல. ஒவ்வொரு நாளுக்கும் ஓபன், ஹை, லோ, குளோஸ்னு (ஆரம்ப விலை, உச்சம், அடி, முடிவு விலை) நாலு நம்பரை லிஸ்ட் போட்டு ஒரு சார்ட் லைப்ரரி (சார்ட் வரைய ரெடியா எழுதி வச்ச புரோகிராம்) கையில கொடுக்குது, வரையுறது அந்த லைப்ரரிதான். அது காசு கொடுத்து வாங்குற சாமானும் இல்ல, டிரேடிங்வியூங்கிற சார்ட் சைட்டோட லைட்வெயிட் சார்ட்ஸ் ஓபன் சோர்ஸ், அவங்க பேரைப் போட்டுட்டு யார் வேணா எடுத்துக்கலாம். 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக்ங்கிற ஏஐ கம்பெனி எம்சிபின்னு ஒரு பொது முறையை வெளியிட்டதுக்கப்புறம் இந்த மாதிரி டூலை ஏஐயோட கோக்குறது கோடிங் தெரிஞ்ச பசங்களுக்கு பெரிய வேலையே இல்ல. சும்மா சார்ட் பாக்கணும்னா உங்க புரோக்கர் ஆப்லயே ஃப்ரீயா இருக்கும். அப்ப 999 எதுக்குன்னா, அந்த நாலு நம்பர் சரியா வரணுமே, அதுக்கு. அது சரியில்லன்னா மிச்சதெல்லாம் வெறும் கலர் பென்சில் வேலை.

அதனால ட்ரையல் வாங்கி அதை நல்லா நோண்டிப் பாருங்க. ரிலையன்ஸ் டெய்லி சார்ட் கேளுங்க, 2024 அக்டோபர் போட்டு. 28ஆம் தேதியை ரெக்கார்ட் டேட்னு வச்சு அவங்க ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் (கையில இருக்குற ஒரு ஷேருக்கு இன்னொண்ணு சும்மா, அதனால ஷேர் ரெண்டாகும், விலை பாதியாகும்) கொடுத்தாங்க, அதுக்கு அட்ஜஸ்ட் பண்ணாத டேட்டான்னா அந்த இடத்துல விலை ஒரே நாள்ல பாதியா விழுந்த மாதிரி ஒரு பள்ளம் தெரியும், ஏஐயும் கூச்சமில்லாம "பெரிய வீழ்ச்சி"ன்னு கதை சொல்லும். அப்புறம் ஏதாவது ஒரு சாதாரண நாளோட 15 நிமிஷ சார்ட். என்எஸ்இ ஷேர் மார்க்கெட் 9:15ல இருந்து 3:30 வரைக்கும், கணக்குப் போட்டா 25 கேண்டில் வரணும். முதல் கேண்டில் 9:15னு இல்லாம 3:45னு காட்டினா உலகப் பொது டைமான யுடிசி அப்படியே வந்திருக்கு, நம்ம ஊர் டைமுக்கு மாத்தணும்னு கூட செஞ்சவங்களுக்குத் தோணல (இது நிறைய டூல்ல நடக்குற கூத்துதான்). கடைசியா, ஆகஸ்ட் 15 அன்னைக்கு ஒரு கேண்டில் கேளுங்க. அன்னைக்கு மார்க்கெட் லீவு. "டேட்டா இல்ல"ன்னு சொன்னா நல்ல பிள்ளை, ஒரு பச்சை கேண்டில் போட்டு நீட்டுச்சுன்னா நம்பரை ஏஐயே கற்பனை பண்ணுது, காசு கொடுக்காம ஓடிடுங்க.

சப்போர்ட் கோடு இழுக்குற விஷயத்துக்கு, ஒரே கேள்வியை ரெண்டு புது சாட்ல கேட்டுப் பாருங்க, ரெண்டு இடத்துலயும் சப்போர்ட் வேற வேற விலைல வந்தா அதை வச்சு நீங்க எந்த விலைக்கு வாங்குவீங்க? "இந்த விலைல வாங்கு, டார்கெட் இவ்வளவு"ன்னு சொல்ல ஆரம்பிச்சா விஷயமே வேற, அதுக்கு ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கிற செபில ரிசர்ச் அனலிஸ்ட்டா பதிவு பண்ணியிருக்கணும், ஐஎன்எச்னு ஆரம்பிக்கிற நம்பரை கேட்டு செபி சைட்ல சரிபாருங்க.

என்னைக் கேட்டா இந்த டெஸ்ட் எல்லாம் பாஸானா கூட ஒரு மாசம் மட்டும் கட்டிப் பாருங்க, வருஷ பிளான் வேண்டாம்.

கேள்வி: அண்ணே, நான் எஃப்அண்ட்ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்றேன். இதே மாதிரி ஒரு டூல்ல புரோக்கர் ஏபிஐ கீயும் சீக்ரெட்டும் (வேற புரோகிராம் நம்ம புரோக்கர் அக்கவுண்டோட பேச வேண்டிய சாவியும் பாஸ்வேர்டும்) கேக்குது, "லைவ் டேட்டாவுக்குத்தான்"னு சொல்றாங்க. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீங்க தம்பி. ரெண்டையும் கொடுத்து லாகினும் பண்ணிட்டீங்கன்னா பல புரோக்கர்கிட்ட அதை வச்சு ஆர்டரே போடலாம், சார்ட் பாக்க அவ்வளவு உரிமை எதுக்கு? ஜெரோதா புரோக்கர் 2025ல கைட் எம்சிபின்னு ஃப்ரீயா விட்டாங்க, அவங்களே நடத்துற அந்த வெர்ஷன்ல ஏஐ உங்க ஹோல்டிங்ஸை (கையில இருக்குற ஷேரை) படிக்கும், ஆர்டர் போடாது. மத்தவங்ககிட்டயும் அந்த மாதிரி படிக்க மட்டும் அனுமதி இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா வேண்டாம். எஃப்அண்ட்ஓன்னதும் இன்னொண்ணு, 2022ல இருந்து 2024 வரைக்குமான மூணு நிதியாண்டுல தனிநபர் டிரேடர்கள்ல 93% பேர் நஷ்டம்னு செபியே கணக்கு சொல்லியிருக்கு, சராசரியா ஆளுக்கு 2 லட்சம் கிட்ட. இதுல சார்ட்டுக்கு வேற தனியா சந்தா.

கேள்வி: ட்ரையல் முடிஞ்சதும் ஆட்டோபேல காசு எடுத்துட்டாங்க, கேன்சல் பட்டனே காணோம்.

பதில்: அவங்க பட்டனைத் தேடவே வேண்டாம். யுபிஐன்னா உங்க யுபிஐ ஆப்லயே ஆட்டோபே பகுதில போய் நிறுத்திடலாம், கார்டுன்னா பேங்க்ல மேண்டேட்டை (தானா காசு எடுக்க நீங்க கொடுத்த அனுமதியை) கேன்சல் பண்ணுங்க. ரிசர்வ் பேங்க் ரூல்படி எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வந்திருக்கணும், வந்துச்சான்னு எஸ்எம்எஸ், மெயில் ரெண்டுலயும் பாருங்க, வரலன்னா அதையே காரணமா எழுதி பேங்க்ல புகார் கொடுங்க. டூல்காரங்க ரீஃபண்ட்ல இழுத்தடிச்சா பில், ட்ரையல் பக்கத்து ஸ்கிரீன்ஷாட் ரெண்டையும் வச்சுக்கிட்டு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு கூப்பிடுங்க.