வீட்டு மணல் வார்ப்பு: பெட்டி பற்றிய கேள்விகளும் பதில்களும்

மணல் வார்ப்புன்னா, செய்ய வேண்டிய பொருளோட மாதிரியைச் சுற்றி ஈரமணலை மேல்பெட்டி, கீழ்பெட்டின்னு ரெண்டு பெட்டியில் இடிச்சு, மாதிரியை எடுத்துட்டு, அந்தக் குழியில் உருகின உலோகத்தை ஊத்தறது. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி இருக்கிறது கேட்டவரோட ஊர்.

வேலந்தாவளம்: அண்ணா, அலுமினியம் மட்டும்தான் ஊத்தப் போறேன். மரப்பெட்டி போதுமா, இரும்பில்தான் செய்யணுமா?

மரமே தாராளம் தம்பி. உருகின அலுமினியம் மணலைத்தான் தொடும், பலகையைத் தொடாது. முக்கால் அங்குலப் பலகை நல்லா உழைக்கும். ரப்பர் பலகை நம்ம பக்கம் மலிவு. ஆனா ஈரமணல் பட்டுப்பட்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பூஞ்சை பிடிக்கும், புழு துளைக்கும். அதையே எடுத்தா உள்ளும் புறமும் பெயின்ட் கட்டாயம். மூலைக்கு வெறும் ஆணி வேண்டாம், மணலை இடிக்க இடிக்க விரிஞ்சிடும். ஸ்குரூ போட்டு எல் பட்டை வையுங்க. உள்சுவரைச் சுற்றி அரை அங்குலச் சட்டம் ஒண்ணு அடிங்க. மேல்பெட்டியைத் தூக்கும்போது மணல் நழுவாம இருக்கிறது அதனாலதான்.

கஞ்சிக்கோடு: வார்த்த புல்லியில் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்ற நடுக்கோட்டில் படி மாதிரி விலகல் விழுதுங்க. பேட்டன் (மாதிரி) சரியாத்தான் இருக்கு.

மேல்பெட்டி பழைய இடத்தில் உட்காரலை. மணல் இல்லாம ரெண்டு பெட்டியையும் மாட்டி, மேலதை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருகிப் பாருங்க. ‘டக்’னு ஆடினா, ரெண்டு பெட்டியையும் நேரா உட்கார வைக்க ஓட்டையில் நுழையற ‘பின்’னில்தான் (கம்பி முளை) கோளாறு. மரத்தில் போட்ட ஓட்டை நாளாக ஆகப் பெருசாகும். இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு அதைப் பெட்டியில் திருகுங்க. ஒரு பின் தடிமனாவும் மற்றது மெலிசாவும் இருந்தா, பெட்டியைத் திருப்பி மாட்டவே முடியாது. பெட்டியில் நான் முதலில் பார்க்கிறது பின்னைத்தான், மரம் அப்புறம்.

கொல்லங்கோடு: எந்த அளவில் செய்யறது?

பேட்டனைச் சுற்றி 2 அங்குலம், மேலும் கீழும் 2 அங்குலம் மணல் நிக்கணும். ஒரே பெரிய பெட்டியில் எல்லாத்தையும் வார்க்க நினைக்காதீங்க. 30 செ.மீ. சதுரம், 10 செ.மீ. உயரப் பெட்டிக்கே மணல் சுமார் 14 கிலோ வரும்.

சித்தூர்: அலுமினியம் ஊத்தினப்ப ஒண்ணும் ஆகலை. அதே பெட்டியில் பித்தளை ஊத்தினா மேல்பெட்டி எழும்பி ஓரமா வழிஞ்சிடுச்சு. ஏன்?

உலோகம் மேல்பெட்டியைத் தூக்குது. கீழ்பெட்டிக்குள் 20 செ.மீ. சதுரத் தகடு வார்க்கறீங்க, அதுக்கு மேல உலோகம் ஊத்தற ஊற்றுவாய் 10 செ.மீ. உயரம்னு வையுங்க. 20 × 20 × 10 பெருக்கினா 4,000 கன செ.மீ. அதை அடர்த்தியால பெருக்கினா தூக்கும் விசை. அலுமினியத்துக்கு அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம், தூக்கும் விசை 11 கிலோ அளவு. 14 கிலோ மணலே அமுக்கிடும். பித்தளைக்கு 8.5, விசை 34 கிலோ! ஊத்தறதுக்கு முன்னாடி சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்க, இல்லை 40 கிலோ இரும்பு ஏத்துங்க. பாரம் பெட்டி விளிம்பில்தான் நிக்கணும், மணல் மேல வெச்சா அச்சு நசுங்கும்.

கோபாலபுரம்: சிமென்ட் தரையில் பெட்டியை வெச்சு ஊத்தலாமா?

கூடவே கூடாதுங்க. வழிஞ்ச உலோகம் பட்டா சிமென்ட்டுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி வெடிக்கும், உலோகம் முகத்துக்குத் தெறிக்கும். மூணு அங்குலம் காய்ஞ்ச மணல் பரப்பி அதுமேல வையுங்க.