சின்ன வெங்காயமும் புழுங்கல் அரிசியும்: ஏற்றுமதி கேள்வி-பதில்

பெரிய வெங்காயத்துக்குத் தடை போட்டால் எங்கள் சின்ன வெங்காயமும் ஏன் மாட்டிக்கொள்கிறது? (பெரம்பலூர்)

ஆணையில் 'வெங்காயம்' என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள், அதுதான் காரணம். 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பர் 8 முதல் தடை. 2024 மே மாதம் தடை போனது, ஆனால் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் அதே 40 சதவீத வரியும் வந்தன. வரி முழுசாக நீங்கியது 2025 ஏப்ரல் 1-ல்தான். எல்லாமே பெரிய வெங்காயத்தின் விலையைப் பார்த்துப் போட்டவை. ரகம் பிரித்து விலக்கு தர முடியாதா என்றால், முடியும். 2020 தடையின்போது பெங்களூரு ரோஸ், கிருஷ்ணாபுரம் ரகங்களைத் தலா 10,000 டன் சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்ப விட்டார்கள். நம் சின்ன வெங்காயத்துக்கும் அதே நியாயம் வேண்டும். தனி விலக்கு கேட்டுக்கொண்டே இருங்கள்.

லோடு தூத்துக்குடி போகும் வழியில் தடை வந்தால்?

முதலில் ஆணையின் விதிவிலக்குப் பத்தியைப் படியுங்கள். கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கையும் சுங்கத்துறையிடம் ஒப்படைத்த சரக்கையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். லாரியில் இருப்பதற்கு அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். 2022 மே 13-ல் கோதுமைக்குத் தடை வந்தபோது, அதற்குள் ரத்து செய்ய முடியாத எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறந்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அப்புறம் சிலர் பழைய தேதி போட்ட எல்.சி. காட்டியதால், ஒவ்வொன்றையும் நேரில் சரிபார்க்க உத்தரவு வந்தது. அதனால் வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை மட்டும் நம்பிச் சரக்குப் பிடிக்காதீர்கள்.

2023 அரிசித் தடையில் பொன்னி புழுங்கலும் இருந்ததா?

இல்லை. ஜூலை 20-ல் தடை வந்தது பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு. புழுங்கலுக்கு ஆகஸ்டில் 20 சதவீத வரி வந்து, 2024 அக்டோபரில் முற்றிலும் நீங்கியது. 2025 செப்டம்பரிலிருந்து பாசுமதி அல்லாத அரிசிக்கு ஒப்பந்தத்தை அபெடாவில் (மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையம்) பதிய வேண்டும்.

தடை என்றால் ஒரு மூட்டைகூடப் போகாதா?

தனியார் அனுப்ப முடியாது. வெளிநாட்டு அரசு நம் அரசிடம் கேட்டு, அனுமதி கிடைத்தால் போகும். 2023 அரிசித் தடைக் காலத்திலேயே சிங்கப்பூருக்கு 50,000 டன் அரிசியை தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் வழியாக அனுமதித்தார்கள்.

ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதி எண்) எடுத்துவிட்டேன், போதுமா?

போதாது. காய்கறி, அரிசிக்கு அபெடா பதிவு, மஞ்சள், மிளகாய்க்கு ஸ்பைசஸ் போர்டு பதிவு வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல்-ஜூனில் ஐ.இ.சி. விவரத்தை ஆன்லைனில் உறுதி செய்யுங்கள். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், விட்டால் எண் முடங்கிவிடும்.