மின்சாரக் காரில் பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்பினால் போதுமா?

போதாது. ஊற்றுவது கடைசியில் செய்கிற வேலை.

உங்கள் கார் வாங்கி மூன்று வருடம், ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் விளக்கு வளைவுகளில் மட்டும் மினுக்குகிறது, டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் எனக்கும் அச்சு அசல் இதே கதைதான்.

நான் இருப்பது மண்டபத்தில். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு தென்னை, அவ்வளவுதான். பாம்பன் பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் விளக்கு எட்டிப் பார்க்கும், சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடும். டப்பாவுக்குள் ஒரு சின்ன மிதவை இருக்கிறது. அளவு குறைந்திருக்கும்போது வண்டி சரிந்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவை இறங்கும், விளக்கு எரியும். மினுக்கல் என்பது குறைய ஆரம்பித்ததன் முதல் சேதி.

சர்வீஸில் ஐந்து நிமிடத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். "பேட் தேய்ஞ்சா ஆயில் இறங்கும் சார், நார்மல்." பொய் இல்லை. பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கட்டை; அது தேயத் தேய, அதைத் தள்ளும் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டன் வெளியே வரும், அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பும், அதனால் மேலே டப்பாவில் இறங்கும். பெட்ரோல் வண்டி என்றால் நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். ஆனால் மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கிற வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்துவிடுகிறது, அந்த ஓட்டத்தையே மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்; இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். சக்கர ஆரங்களின் இடுக்கு வழியாக செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன், முன் பேட் இரண்டும் புதுசு மாதிரி தடிமனாக இருந்தன. பேட் தேயவில்லை என்றால் ஆயில் எங்கே போனது? என்ஜின் ஆயில் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லையே இது. எங்கேயோ ஒழுகுகிறது, வேறு வழியே இல்லை.

டப்பாவில் ஆயில் நின்ற இடத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். பத்தே நாளில் டேப்புக்குக் கீழே போய்விட்டது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. தரை காய்ந்திருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நாம் வழக்கமாக ஊற்றும் பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும், மழை பெய்தால் தடம் போய்விடும். பின்சக்கர பிரேக்கை மூடியிருக்கும் டிரம்முக்குள் ஒழுகினால் உள்ளேயே தேங்கும். பெடலையும் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ராமநாதபுரத்தில் மீன் வண்டிகளுக்கு பிரேக் வேலை பார்க்கும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். முதலில் "கரண்டு வண்டியா, நான் தொட மாட்டேன் தம்பி" என்று பின்வாங்கினார். "ஹை வோல்டேஜ் ஓடுற ஆரஞ்சு நிற வயர் பக்கம் போக வேணாம்ணே, பின்சக்கரத்தை மட்டும் கழற்றுங்க" என்றேன். ஜாக்கி வைக்கும் இடத்தை மட்டும் கையேட்டில் பார்த்துக் காட்டினேன். அடியில் முழுக்க பேட்டரி, கண்ட இடத்தில் முட்டுக் கொடுக்கக் கூடாது.

டிரம்மைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். உள்ளே தூசியும் ஆயிலும் குழைந்து கறுப்புச் சாந்தாக அப்பியிருந்தது. டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரு டிரைவர் நுனியால் லேசாக நெம்பியதும் பழுப்பாக ஒழுகி அவர் மணிக்கட்டுவரை வந்தது. "மீன் வண்டிக்கு வர்ற வியாதி உங்க வண்டிக்கு வந்திருக்கு" என்றார். ஐஸ் தண்ணியும் உப்பும் சொட்டிச் சொட்டி அந்த வண்டிகளின் சிலிண்டர் அரித்துப்போகுமாம். என் வண்டிக்கு அந்த உப்பைக் கடற்காற்றே கொண்டுவந்திருக்கிறது. போதாததற்கு தனுஷ்கோடி ரோட்டில் விருந்தாளிகளை அரிச்சல்முனைவரை அழைத்துப்போய் வந்த ஓட்டங்கள் வேறு. ரீஜென் புண்ணியத்தில் பிரேக்குக்கும் வேலை இல்லை. அசையாமல் கிடக்கிற இரும்பை உப்பு விடுமா?

பின்பக்க வீல் சிலிண்டர் இரண்டையும் மாற்றினோம். டிரம்மின் உள்பக்கம் உரசும் பிரேக் ஷூ ஆயிலில் ஊறிவிட்டால் துடைத்துப் போட முடியாது, அதுவும் புதுசு. பைப் நட்டு துருப்பிடித்து அசையவில்லை, ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுநாள்தான் கழன்றது. பிறகு பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுத்தோம்: நான் உள்ளே மிதித்துப் பிடிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூட, குமிழ் நிற்கும்வரை. சில மின்சாரக் கார்களில் ஸ்கேனர் கருவி இல்லாமல் ஏர் எடுக்க வராது, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே போட்டிருக்கும். என் காருக்கு டாட் 4 என்ற ரகம். டாட் 5 என்றால் அது சிலிக்கான், பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்று கலந்துவிடாதீர்கள். பானெட்டைத் திறந்தால் பக்கத்திலேயே கூலன்ட் டப்பாவும் இருக்கும், மூடியைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் உரித்துவிடும். பேட் பாதி தேய்ந்த வண்டியில் மேல்கோடுவரை நிரப்பினால், புதுப் பேட் போடும்போது ஆயில் மேலே ஏறி வழியும்.

இந்த ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். உள்ளே இரும்பு துருப்பிடிப்பதும் அந்த ஈரத்தால்தான். அதனால் குறைகிறதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றிவிடுகிறேன். திறந்து வைத்த பழைய பாட்டிலில் மிச்சம் இருந்தது என்று ஊற்றுவதில்லை.

இப்போது தனுஷ்கோடி போய் வந்தால் அன்றே அடிப்பக்கம், சக்கரத்தின் உள்பக்கம் எல்லாம் நல்ல தண்ணீர் பீய்ச்சுகிறேன். வாரம் ஒருமுறை உச்சிப்புளிப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் ரீஜென்னைப் பூஜ்யத்தில் வைத்து நாலைந்து தடவை அழுத்தமாக பிரேக் பிடிப்பேன். முதல் இரண்டு தடவை கரகரவென்று துரு உதிரும் சத்தம் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். டேப்பை மட்டும் இன்னும் பிய்க்கவில்லை. எட்டு மாதமாக ஆயில் அதன் மேல்விளிம்பிலேயே நிற்கிறது.